நிராகரிக்கப்பட்டதாகக் கருதப்படும்

1

இதை எழுதுவது யார் என்று ஊரில் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். பரவாயில்லை. ஆனால் என் பெயரையும் நான் வாழும் நாட்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது வாசித்துக்கொண்டு போனால் தெரியவரும். ஐரோப்பாவின் வடக்குப் பக்கத்தில், கடலோரமாக ஒரு சிறு நகரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்து இருபத்திநான்கு வருடங்கள்.

நகராட்சியில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஒருவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். என் பக்கத்துக் கருத்து என்று எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. அது எனக்குப் பழகிவிட்டது.

சென்ற மாசி மாதம் வவுனியாப் பக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். மதியச் சாப்பாடு கட்டி விற்கும் சிறு தொழில் ஒன்றைப் பதிய வேண்டும். அதிகாரி திரையைப் பார்த்தபடி கேட்டதை நான் தமிழாக்கினேன்: "தனி ஆளாகத்தானே பதிகிறீர்கள்?"

அந்தப் பெண் பதறிப்போனார். "இல்லை தங்கச்சி, நான் கலியாணம் கட்டினனான். அவர் கார் நிப்பாட்டப் போயிட்டார். இப்ப வந்திடுவார்."

நான் அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்துவிட்டு, தான் கேட்டது தொழில் ஒருவர் பெயரிலா என்றுதான், இந்தச் சொல்லால் பலரும் தடுமாறுகிறார்கள் என்றார். படிவங்களை எளிமையாக்க நகராட்சி ஒரு குழு போட்டிருப்பதாகவும், தமிழ்ப் பக்கத்தைப் பார்க்க நான் வர முடியுமா என்றும் கேட்டார். சரி என்றேன். அவர் கேட்டு, நான் தலையாட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் தொலைபேசிக்குப் பதிவு இலக்கம் வந்துவிட்டது. கணவர் அப்போதும் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் வீடு திரும்பும்போது எனக்கு ஊர் நினைவு வந்தது. ஊர் என்றால் என் தங்கை சுமதியின் நண்டுக் கொட்டில்.

2

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் கரையில் இருக்கிறது. சுமதியின் கணவர் வாவியில் தொழில் செய்கிறவர். பிடிபடும் நண்டை அப்படியே வியாபாரியிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். சுமதிதான், அவித்து, ஓட்டை உடைத்து, சதையை எடுத்துக் குளிரூட்டிப் பொதியாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தாள். அப்பாவின் காணியில் தகரக் கூரையும் சீமெந்துத் தரையுமாக ஒரு கொட்டில் போட்டாள். அக்கம் பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் அவளோடு சேர்ந்தார்கள். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறை வாங்கத் தொடங்கியது. சதையில் ஓட்டுத் துண்டு ஒன்றுகூட வருவதில்லை என்று அந்தச் சமையல்காரர் சொன்னதை அவள் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஹோட்டல்காரர்கள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். வரும் பருவத்திலிருந்து பதிவு செய்த இடத்தில் தயாரித்த உணவுதான் எடுப்போம், பதிவைக் கொண்டுவாருங்கள் என்று.

பதிவு என்றால் என்ன என்று ஊரில் தொழில் செய்த எவருக்கும் தெரியும். கிராம அலுவலரான விதானையாரிடம் கடிதம், பிரதேச சபையில் கட்டட அனுமதி, சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்து பார்க்க வேண்டும், வாவிக்கும் கொட்டிலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று ஒருவர் அளக்க வேண்டும். அளப்பவர் பி.எச்.ஐ.யின் கடிதம் கேட்பார். பி.எச்.ஐ. கட்டட அனுமதி கேட்பார். கட்டட அனுமதி கொடுப்பவர் அளந்த தாளைக் கேட்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருமுறை சுமதி இந்த வட்டத்தில் இறங்கி, ஐந்து மாதம் சுற்றிவிட்டு, நண்டு உடைப்பதே லேசு என்று திரும்பி வந்தவள்.

இந்தத் தரம் அவளுடைய குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, பிரதேச செயலகக் கந்தோரில புதுசா ஒரு கவுண்டர் போட்டிருக்காங்க. ஒற்றைச் சாளரமாம். ஒரே ஒரு படிவம். எல்லாத்தையும் அவங்களே உள்ளுக்குள்ள ஆளுக்காள் அனுப்பி எடுப்பாங்களாம். முப்பது நாளைக்குள்ள முடிவு சொல்லணும் எண்டு சட்டம் வரப்போகுது. அதுக்கு முதல்ல நம்மட பக்கம் பரீட்சையாச் செஞ்சு பாக்காங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அங்க இருக்கிற புள்ளதான். ஏறாவூர்ப் புள்ள, நஸ்ரின் எண்டு பேர். போன உடன, இருங்க அக்கா எண்டு கதிரை தந்தா. கந்தோரில எனக்கு ஒரு ஆள் கதிரை தந்தது இதுதான் முதல் தரம்."

நானும் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அரசாங்கம் வியாபார விதிகளை எளிமையாக்கப் போகிறது என்று செய்திகளில் வாசித்திருந்தேன். இப்படி எத்தனையோ வாசித்தாயிற்று என்று கடந்து போயிருந்தேன். ஆனால் ஒரு கதிரை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது நம்பிக்கை வந்தது. நான் குழுவில் இருந்து படிவம் திருத்துகிறேன், அங்கே என் தங்கை திருத்திய படிவத்தை நிரப்புகிறாள் என்று, இரண்டு ஊரும் ஒரே வேலையைச் செய்வதுபோல ஒரு நினைப்பு.

3

முப்பத்தோராம் நாள் காலையில் சுமதியின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அதை அப்படியே எனக்கு அனுப்பினாள்.

"தங்களது விண்ணப்பம் விதிக்கப்பட்ட காலத்தினுள் தீர்மானிக்கப்படாமையால் அது நிராகரிக்கப்பட்டதாகக் கருதப்படும்."

கந்தோருக்கு ஓடினாள். நஸ்ரினுக்கு அவளை விட அதிர்ச்சி.

"அக்கா, உங்கட ஃபைலை நான் இன்னும் திறக்கவே இல்ல. முன்னால நாப்பது பேர் இருக்காங்க. நான் ஒரு ஆள்தான். கம்பியூட்டர் தானாவே அனுப்பிட்டு."

"நான் என்ன பிழை விட்டன் புள்ள?"

"நீங்க ஒண்டும் பிழை விடல்ல. நாள் முடிஞ்சிட்டு. அதுதான்."

அவர்கள் தாமதித்ததற்குத் தண்டனை இவளுக்கு. எனக்கு அது விளங்கவே இல்லை. அந்த வார இறுதியில் என் மகள் அனு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். சட்டம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். வீட்டுக்கு வந்தால் உடுப்பைத் துவைக்கப் போட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இந்த நாட்டு மொழியில் பதில் சொல்வாள். அதில் சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் அவரவர் பாதையில் போகிறோம், அவ்வளவுதான். ஆனாலும் அவள் பதின்மூன்று வயதில் கடைசியாகத் தமிழில் ஒரு முழு வசனம் பேசியது எங்கே, எதற்கு என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. பல் வைத்தியரிடம் போக மாட்டேன் என்று.

சுமதிக்கு வந்த செய்தியை அவளுக்குச் சொன்னேன். புருவத்தைச் சுருக்கினாள். "அப்படி இருக்காது மம்மா. எளிமையாக்குகிற சட்டத்தில் அப்படி எழுத மாட்டார்கள்" என்றாள், அவளுடைய மொழியில்தான். "மூல வாசகம் எங்கே?"

சட்ட வரைவையும் அதோடு சேர்ந்த கைநூலையும் மூன்று மொழியிலும் இணையத்தில் போட்டிருந்தார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு முகவரியும் இருந்தது. அனு ஆங்கிலப் பிரதியை எடுத்தாள், நான் தமிழ்ப் பிரதியை எடுத்தேன். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஒரு வரி வாசிப்பாள், நான் அதே வரியைத் தமிழில் வாசிப்பேன். "சாளரம்" என்றால் என்ன, "ஏற்பாடு" என்றால் என்ன என்று கேட்டாள். ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்தேன். வெளியே மழைத்தூறல். வருடக்கணக்கில் நாங்கள் இப்படி ஒரு பின்னேரம் முழுக்க எதிரெதிரே இருந்ததில்லை.

பதினொன்றாம் பக்கத்தில் அவள் நிறுத்தினாள்.

"திருப்பி வாசிங்க மம்மா." இது தமிழில்.

வாசித்தேன். "முப்பது நாட்களினுள் தீர்மானம் அறிவிக்கப்படாதவிடத்து, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கருதப்படும்."

"இல்லை," என்றாள். "இங்கே அனுமதிக்கப்பட்டதாக என்று இருக்கிறது."

எழுந்து போய் அவளுடைய பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. கந்தோர் முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால், விண்ணப்பித்தவருக்கு அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தின் உயிரே அந்த வரியில்தான். திங்கட்கிழமை நஸ்ரினிடம் கேட்கும்படி சுமதிக்குச் சொன்னேன். சிங்களப் பிரதியிலும் அனுமதிதான். தமிழில் மட்டும் தலைகீழ். தமிழில் வேலை நடக்கும் கந்தோர்களின் கணினியில் தமிழ்ப் பிரதியைப் பார்த்தே செய்தியை ஏற்றியிருக்கிறார்கள்.

கொழும்பில் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர், அன்றைக்கு எத்தனையாவது பக்கத்தில் களைத்துப்போய் அந்தச் சொல்லைப் போட்டாரோ. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் தொழில் அது. ஒரு சொல்லால் என்ன நடக்கும் என்று அந்த அறையில் இருக்கும்போது தெரியாது.

4

அனு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினாள். நான் தமிழில் அரைப் பக்கம் எழுதினேன், சுமதி எழுந்து நின்று வாசிப்பதற்காக. மட்டக்களப்பு டவுனில் இந்தச் சட்ட வரைவு பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள்.

அங்கே நடந்ததைச் சுமதி பிறகு எனக்கு ஒரு மணித்தியாலம் சொன்னாள்.

"மேடையில நாலு பேர் அக்கா. நடுவில கொழும்பு மெடம். சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் கதைச்சா, ஒரு தம்பி நிண்டு தமிழில சொன்னார். பெரிய பெரிய முதலாளிமார் எல்லாம் வரியைக் குறையுங்க, லோனைத் தாங்க எண்டு கேட்டாங்க. மறுகா என்ர முறை வந்திச்சு. எழும்பினன். நீங்க எழுதித் தந்ததை வாசிச்சன். பதினோராம் பக்கம், தமிழில இப்படி, இங்கிலீசில இப்படி எண்டு."

"என்ன சொன்னாங்க?"

"மெடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா. அந்தத் தமிழ்த் தம்பியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னா. அவர் வாசிச்சார். மெடம் கையால நெத்தியைப் பிடிச்சா. மறுகா மைக்கை எடுத்து, இது எங்கட பிழை எண்டா. அப்படியே சொன்னா அக்கா. எங்கட பிழை."

"மெய்யாவா?"

"அம்மாவாண. பின்னால கரடியனாற்றில இருந்து வந்த அரிசி ஆலைக்காரர் ஒருவர் எழும்பி, அப்ப எங்கட விண்ணப்பமும் இப்படித்தான் போயிருக்கு எண்டு சத்தம் போட்டார். இன்னும் ஏழெட்டுப் பேர் எழும்பினாங்க. எல்லாத்தையும் திருப்பி எடுத்துப் பாப்பம், சொல்லைத் திருத்துவம் எண்டு மெடம் சொல்லி எழுதியும் எடுத்தா. வெளியில வரக்குள்ள அந்த ஆலைக்காரர் எனக்கு சோடா வாங்கித் தந்தார்."

நானும் அனுவும் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அனு எதையோ வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்து, "சின்னம்மா, நீங்க நல்லாக் கதைச்சீங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லாக. அந்தப் பக்கத்தில் சுமதி அழுகிற சத்தம் கேட்டது.

நாற்பத்திநான்கு வருட வாழ்க்கையில் ஒரு சட்டத்தில் நான் கை வைத்து அது அசைந்தது அன்றைக்குத்தான்.

5

முன்பு கணினி திறக்காமலே தள்ளிவிட்ட கோப்பை இப்போது நஸ்ரின் கையால் திறந்து வாசித்தாள். காலக்கெடு புதிதாக எண்ணப்படும் என்று தீர்மானித்திருந்தார்கள். வாசித்தால் கேள்வி வரும். காணி யாருடையது?

அது அரசாங்கம் அப்பாவுக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அப்படிக் காணி எடுப்பவர், தனக்குப் பிறகு அது யாருக்கு என்று ஒரு பெயரைக் கொடுத்துவைப்பார். பின்னுரித்தாளர் என்பார்கள். அம்மா முந்தியே இறந்துபோனதால் அப்பா மூத்த பிள்ளையின் பெயரைக் கொடுத்திருந்தார். என் பெயர். நான் நாட்டை விட்டுப் போவதற்கு ஒரு வருடம் முன்பு. அப்பா போய் ஆறு வருடமாகிறது. அதை மாற்ற வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுமதி அங்கே இருந்தாள், கொட்டில் போட்டாள். காணி அவளுடையது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"ஒண்டும் கஷ்டமில்ல அக்கா," என்று நஸ்ரின் சுமதியிடம் சொல்லியிருக்கிறாள். "வெளிநாட்டு ஆளுக்கு இந்தக் காணி எழுத ஏலாது. அதனால, எனக்கு வேணாம், தங்கச்சிக்குக் குடுங்க எண்டு அவங்க ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைச்சாச் சரி. அதையும் இப்ப லேசாக்கி இருக்கு. எம்பசியில வைக்கலாம். பாஸ்போர்ட் கொப்பியும் பிறப்புச் சான்றும் வேணும்."

சுமதி அதை எனக்குச் சொன்னபோது அவளுடைய குரலில் இருந்த மகிழ்ச்சி இப்போதும் காதில் இருக்கிறது. ஒரு பக்கம். ஒரு கையெழுத்து.

என் பிறப்புச் சான்றிதழில் இருப்பது ஒரு பெயர். என் கடவுச்சீட்டில் இருப்பது வேறொரு பெயர், வேறொரு பிறந்த திகதி, வேறொரு தகப்பன். இருபது வயதில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் கையில் கொடுத்த கடவுச்சீட்டு யாரோ ஒரு பெண்ணுடையது. விமான நிலையத்தில் பிடிபட்டபோது பயத்தில் அந்தப் பெயரையே சொன்னேன். அடுத்த விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன், முதலில் சொன்னதை மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முகாமில் சொன்னார்கள். பிறகு அகதி அட்டை, பாடசாலைச் சான்றிதழ், திருமணம், குடியுரிமை, மகளின் பிறப்புப் பதிவு எல்லாம் அந்தப் பெயரிலேயே அடுக்கடுக்காக ஏறிவிட்டன. ஊரில் கூப்பிடும் என் பெயரை அனு செல்லப்பெயர் என்று நினைத்திருந்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஊரில் இது ஒரு விஷயமே இல்லை.

"ஏஜென்சிப் பேர்தானே அக்கா," என்றாள் சுமதி. "எத்தின பேர் அப்படிப் போயிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் எண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுத்தாச் சரி எண்டு சமாதான நீதவான் ஜே.பி. சொல்றார்."

இரண்டு பேரும் ஒரே ஆள்தான். அந்த ஒரு வசனத்தைத்தான் நான் எந்தக் கடதாசியிலும் எழுத முடியாது.

அனுவிடம் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஒரு சனிக்கிழமை காலை உணவுக்குப் பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் இருந்த பாண் துணுக்குகளை விரலால் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தப் பெண் யார்?" என்று கேட்டாள்.

"எந்தப் பெண்?"

"உங்களுடைய பெயருக்குச் சொந்தக்காரி. நான் எல்லாப் படிவத்திலும் அம்மாவின் பெயர் என்று எழுதுகிறேனே, அவள்."

எனக்குத் தெரியாது. ஒருநாளும் நினைத்துப் பார்த்ததும் இல்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

அவள் மடிகணினியைத் திறந்து நெடுநேரம் வாசித்தாள். இந்த நாட்டுச் சட்டம். நான் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். பிழையான அடையாளத்தில் பெற்ற குடியுரிமையை எப்போது கண்டுபிடித்தாலும் மீளப் பெறலாம், அதற்குக் கால எல்லை கிடையாது என்றாள். பிள்ளையின் குடியுரிமையைப் பறிக்காமல் விடலாம், ஆனால் அது ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது என்றாள். அந்தப் "பொறுத்தது" என்ற சொல்லைச் சொல்லும்போது வழக்கறிஞர் குரல் உடைந்து சின்னப் பிள்ளையின் குரல் வந்துவிட்டது.

"எம்பசியில் வைக்கும் கையெழுத்து இந்த நாட்டு அதிகாரிகளுக்குத் தெரியவருமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலும் போகலாம்," என்றாள். "ஆனால் வைக்கவா என்று என்னைக் கேட்டால், ஆம் என்று சொல்ல மாட்டேன்."

நகராட்சியின் எளிமையாக்கும் குழுவில் நான் இப்போதும் இருக்கிறேன். நல்ல மனிதர்கள். ஒரு கேள்வியைக் குறைக்க அரை நாள் வாதாடுவார்கள். ஆனால் எல்லாவற்றையும் வெட்டிக் குறைத்தாலும் முதல் வரியில் ஒரு கேள்வி நின்றுகொண்டே இருக்கும்: நீங்கள் யார்? அது மிகவும் இலகுவான கேள்வி என்று அவர்கள் நினைப்பதால், அதை எளிமையாக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நானும் அந்த அறையில் வாய் திறப்பதில்லை.

6

சுமதியிடம், கையெழுத்து வைக்க முடியாது என்றேன். காரணமும் சொன்னேன். அவளுக்கு அது காரணமாகப் படவில்லை.

"இருபத்திநாலு வருசத்துக்குப் பிறகு ஆர் அக்கா உங்களைப் பிடிக்கப் போறாங்க?"

"பிடிச்சா அனுவின்ர வாழ்க்கையும் போயிடும் புள்ள."

"எங்கட வாழ்க்கை?" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "காணியை விட மனமில்ல எண்டா நேராச் சொல்லுங்க" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டாள். அதன் பிறகு ஏழு கிழமை அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் எடுத்தாலும் மணி அடித்து அடித்து நிற்கும். அவளுடைய கணவர் ஒருமுறை எடுத்து, "அவள் வேலையா நிக்காள்" என்றார், என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாதவர்போல.

அந்த ஏழு கிழமையில் சட்டத்தின் தமிழ்ப் பிரதி திருத்தப்பட்டு வந்தது. போய்ப் பார்த்தேன். பதினொன்றாம் பக்கத்தில் சொல் சரியாக இருந்தது. கரடியனாற்று ஆலைக்காரருக்குப் பதிவு கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் திறந்த கதவால் மற்றவர்கள் போகிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

சென்ற சனிக்கிழமை, இங்கே காலை ஆறு மணிக்குச் சுமதி எடுத்தாள். பின்னால் வாகனச் சத்தம்.

"அக்கா, நான் ஓட்டமாவடியில நிக்கன். பஸ்சுக்குப் பாத்துக்கொண்டு. இஞ்ச ஒரு ஹாஜியார்ர இடத்திலதான் இப்ப நாங்க ஆறு பேரும் நண்டு உடைக்கம். அவருக்குப் பதிவு இருக்கு. ஹோட்டலும் அவருக்கிட்டத்தான் வாங்குது. நல்ல மனிசன், குறை சொல்லக்கூடாது. கொட்டிலைப் பூட்டிட்டன்."

"எப்ப பூட்டின?" என்றேன்.

"ஒரு மாசமாகுது. அதுக்கு முதல்ல ஒரு விசயம் நடந்திச்சு. அதைச் சொல்லத்தான் எடுத்தன்."

காணி மாற்றும் புதிய படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதாம். பின்னுரித்தாளர் உயிருடன் இல்லை அல்லது காணாமற்போனவர். அதில் சரி போட்டு, விதானையாரின் கடிதத்தையும் சேர்த்தால், அடுத்த பிள்ளைக்குக் காணி வந்துவிடும். அந்தக் கட்டத்தை அவளுக்குக் காட்டியவர் ஜே.பி.தான். போருக்குப் பிறகு எங்கள் ஊரில் அந்தக் கட்டத்தில் சரி போடும் வீடுகள் நிறைய. அதில் இன்னும் ஒன்று கூடினால் யார் கேட்கப் போகிறார்கள்?

"நான் மாட்டன் எண்டன். ரெண்டு நாள் யோசிச்சன். மலரக்காவிட்ட கேட்டன்."

மலர் அவளோடு நண்டு உடைக்கும் பெண். போர்க்காலத்தில் அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து இன்று வரை ஒரு தகவலும் இல்லை. இறந்துவிட்டான் என்று எழுதித் தாருங்கள், கொடுப்பனவு வரும் என்று எத்தனையோ பேர் கேட்டும் அவள் எழுதிக் கொடுக்கவில்லை.

"மலரக்கா என்ன சொன்னா?"

"போட்டிடு புள்ள எண்டா. உன்ர அக்கா உசிரோட இருக்கிறது உனக்குத் தெரியும்தானே, நீ போடலாம். தெரியாத எங்களுக்குத்தான் போட ஏலாது எண்டா."

அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"போனன் அக்கா. நஸ்ரின் புள்ள படிவத்தைத் தந்தா. அவவுக்கு எல்லாம் தெரியும். தந்திட்டு மற்றப் பக்கம் திரும்பி எதையோ தேடுற மாதிரி நிண்டா. நான் கட்டத்தைப் பாத்தன். பேனையை அதில வைச்சிட்டன். கை அசையுதில்ல. கனநேரம். அந்தப் புள்ள திரும்பி, என்னக்கா எண்டு கேட்டா. பேனை எழுதுதில்ல எண்டன்."

"மறுகா?"

"அவ தன்ர பேனையைத் தந்தா. அதுவும் எழுதுதில்ல எண்டன்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அடுத்த அறையில் அனு நித்திரை.

"அவ படிவத்தை வாங்கி மடிச்சு வைச்சிட்டு, சரிக்கா, எழுதுற பேனை கிடைக்கக்குள்ள வாங்க எண்டா. நான் வந்திட்டன்." சுமதி கொஞ்சம் சிரித்தாள். அல்லது அழுதாளோ, அந்த வாகனச் சத்தத்தில் பிரித்தறிய முடியவில்லை. "காணியைப் பத்தி நான் அண்டைக்குச் சொன்னதை மனசில வைச்சுக்கொள்ளாதீங்க. கையெழுத்தும் வேணாம், கட்டமும் வேணாம். நீங்க இருங்க அக்கா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்திட்டு என்று சொல்லி வைத்துவிட்டாள்.